நல்லாதான் கீது டாக்டர்

என் வீட்டுக்காரர் சேவியருக்கு டாக்டரைப் பார்த்துப் பயம் கிடையாது. டாக்டர் பேனாவை எடுத்தால்தான் பயம். எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறார். காண்டிராக்ட் வேலை. வருஷா வருஷம் உடம்பைப் பரிசோதித்து ‘ஃபிட்’ என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் கேட் பாஸ் புதுப்பிப்பார்கள். அந்த ஒரு வார்த்தை இல்லையென்றால் மறுநாளே கிரேனில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான். அதனால் புதிதாக வருகிறவனுக்கு லீவரைப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், டாக்டர் முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: “நல்லாதான் கீது டாக்டர்.” முதுகு பிடித்திருந்தாலும் அதே பதில், கண் மங்கினாலும் அதே பதில். டெஸ்டுக்கு முந்தின நாட்களில் சோற்றைத் தொடமாட்டார்கள். பாகற்காய்ச் சாற்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்கள். சேவியர் குடிப்பதைப் பார்த்து நானும் என் மகள் ரீனாவும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறோம்.

இந்தப் பழக்கம் ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் கூடவே வரும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. இப்போது ராயபுரத்தில் எங்கள் தெருவில் யாருக்குக் கை உடைந்தாலும், “சின்ன ஓட்டை போட்டு ஆபரேஷன் பண்ணாங்களாமே, எப்படி இருந்திச்சி?” என்று என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் அரைகுறையாகச் சொல்வதைவிட முழுசாக எழுதி வைத்துவிடு என்றாள் ரீனா. நான் மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டைப் அடிக்கிறவள். எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. நினைத்துப் பார்ப்பதுதான் கஷ்டம்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் அது நடந்தது. வேலைக்குப் போகும் வழியில், திருவொற்றியூர் தாண்டி, டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்தில், ரோட்டில் படிந்திருந்த சேற்றில் இவருடைய பைக் வழுக்கிவிட்டது. வண்டி ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். வலது தோள் தரையில் அடித்தது. லாரியில் காத்திருந்த யாரோ ஒரு டிரைவர் இறங்கி வந்து, தன் துண்டாலேயே கையைக் கழுத்தோடு தூளி மாதிரி கட்டி, ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அந்த மனிதரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. துண்டு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

ஆட்டோவில் வரும்போதே இவர் எனக்கு போன் செய்தார். “ஒண்ணியும் இல்லம்மே, லேசா சிராய்ப்பு. நீ ஆபீஸ் போ” என்றார். குரலில் பல் கடிப்பது கேட்டது. நான் ஆபீஸ் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அது போதாது என்று சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். எக்ஸ்ரே முன்னாலிருந்து ஒரு பக்கத்தைத்தான் காட்டும், ஸ்கேனில் எலும்பைச் சுற்றி வந்து பார்க்கலாம் என்று அங்கிருந்த பையன் சொன்னான். எங்களைப் பார்த்தவர் ஒரு டாக்டரம்மா. என்னைவிட வயது குறைவுதான். நடையில் அவசரம், பேச்சில் நிதானம். ஸ்கேன் படத்தைத் திரையில் வைத்துக் காட்டினார்.

“மேல்கை எலும்போட தலை பந்து மாதிரி இருக்கும்மா. அந்தப் பந்துக்குக் கீழ கழுத்து. அது உடைஞ்சு தண்டு ஒரு பக்கம் தள்ளிப்போயிருக்கு. பந்துக்குப் பக்கத்துல இந்தக் குமிழ் இருக்கு பாருங்க, அதுவும் தனியா வந்துடுச்சு. கையைத் தூக்குற தசைநார் அதுலதான் பிடிச்சிருக்கு. தானா சேரட்டும்னு விட்டா கோணலாச் சேரும். கை மேல போகாது.”

கிரேன் ஓட்டுகிறவருக்குக் கை மேலே போகாவிட்டால் என்ன ஆகும் என்று நான் இவரிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செங்குத்தான ஏணியில் இரண்டு கையாலும் பிடித்து ஏறினால்தான் கேபினுக்கே போக முடியும். சேவியர் என் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரீனாவுக்குக் கல்லூரி முடிய இன்னும் பாக்கி இருந்தது. என் சம்பளத்தில் வீட்டு வாடகையும் பஸ் காசும் கொடுத்தால் அப்புறம் ஒன்றும் நிற்காது.

“சுகர், பிரஷர் எதாவது இருக்கா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“ஒண்ணியும் இல்ல டாக்டர். நல்லாதான் கீது.”

ரத்தப் பரிசோதனை வந்தது. சுகர் எக்கச்சக்கமாக இருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன், இவர் மின்விசிறியைப் பார்த்தார். பாகற்காய் குடித்தவர் தனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்துதானே குடித்திருப்பார்? இதில் நாங்கள் வேறு சிரித்திருக்கிறோம். சுகர் இறங்காமல் கத்தி வைத்தால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும் என்று சொல்லி, இன்சுலின் போட்டு இறக்கிவிட்டுத்தான் ஆபரேஷன் என்று அட்மிட் செய்துவிட்டார்கள்.

ஆண், பெண் என்று பிரிக்காமல் மூன்று கட்டில் போட்ட அறை அது. ஜன்னல் ஓரக் கட்டிலில் காசிமேட்டில் மீன் விற்கிற ஒரு அம்மா இடுப்பு எலும்பு உடைந்து படுத்திருந்தார். படுத்தபடியே போனில் ஏலம் நடத்துவார். நடுக் கட்டில் காலியாவதும் நிரம்புவதுமாக இருந்தது. கதவோரக் கட்டில் இவருக்கு. தோள் உடைந்தவர்கள் மல்லாந்து படுக்க முடியாது. படுத்தால் உடைந்த இடம் பின்னால் இழுக்கும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்து, உட்கார்ந்தவாக்கில்தான் தூங்க வேண்டும். தூங்கினார் என்று சொல்வதே பொய். கண்ணை மூடுவார், தலை சரியும், வலியில் விழித்துக்கொள்வார். ரத்தம் தோளிலிருந்து கசிந்து இறங்கி, முழங்கை வரைக்கும் தோல் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. “இதென்னய்யா, கை அழுகிப்போச்சா?” என்று நான் பதறினேன். அது சாதாரணம், ரத்தம் கீழேதானே இறங்கும் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மாலைகளில் கபீர் பாய் வருவார். வண்ணாரப்பேட்டைக்காரர். அதே யார்டில் இவருக்கு முன்னாலிருந்தே கிரேன் ஓட்டுகிறவர். இவருக்கு வலது கை வராது என்பதால் தினமும் சின்னக் கண்ணாடியும் ரேசரும் கொண்டுவந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பொறுமையாக முகம் மழித்துவிடுவார். “மாமு, வாயை மூடு, உதடு போயிடும்” என்பார். அந்த நேரத்தில் மட்டும்தான் இவர் முகம் கொஞ்சம் இளகும். மீன்கார அம்மாவுக்கு வீட்டிலிருந்து குழம்பு வந்தால் எனக்கும் ஒரு கிண்ணம் தள்ளிவிடுவார். “இத்த துன்னு. நீ வியுந்துட்டா அந்தாள யார் பாக்கறது?” என்று அதட்டுவார். அந்த நாட்களில் எனக்கு அப்படி யாராவது அதட்ட வேண்டியிருந்தது.

ஆபரேஷன் எப்படி என்று டாக்டரம்மா ஒரு மதியம் விளக்கினார். முன்னெல்லாம் தோளின் முன்பக்கம் நீளமாகக் கிழித்து, சதையை விலக்கி, எலும்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துதான் பிளேட் வைப்பார்களாம். அதனால் எலும்புக்கு வருகிற ரத்த ஓட்டமும் கெடும், சேர நாளாகும். இப்போது தோள் முனையில் ஒரு சின்ன வெட்டு, அதற்குக் கீழே மேல்கையில் இன்னொரு சின்ன வெட்டு. மேலே இருக்கிற வெட்டு வழியாகப் பிளேட்டை உள்ளே விட்டு, சதைக்கு அடியில் எலும்பை ஒட்டியே கீழே தள்ளிவிட வேண்டும். எக்ஸ்ரே மெஷின் ஒன்று பக்கத்திலேயே நின்று டி.வி. மாதிரி காட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே திருகு ஆணிகளை முடுக்குவார்கள்.

“பாவாடைக்கு நாடா கோக்கற மாதிரியா?” என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “அதே மாதிரிதாம்மா. ஆனா ஒரு ஆபத்து இருக்கு. தோள் முனையிலிருந்து கொஞ்சம் கீழ, சதைக்கு அடியில ஒரு நரம்பு குறுக்கால ஓடுது. கையைத் தூக்குற சதைக்கு அதுதான் கரண்ட் கம்பி. நாங்க பிளேட்டை அதுக்கு அடியில நுழைச்சுத்தான் கொண்டுபோகணும். அதனால அந்த நரம்பு இப்ப எப்படி இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியணும்.”

பிறகு இவர் பக்கம் திரும்பி, தலையை இடது பக்கம் திருப்பிக்கொள்ளச் சொன்னார். வலது தோளின் வெளிப்பக்கத்தைப் பஞ்சால் தொட்டார். “இங்க தெரியுதா சார்?”

“தெரியுது டாக்டர்.”

“இடது பக்கம் மாதிரியே இருக்கா?”

“நல்லாதான் கீது டாக்டர்.”

முழங்கையை வெளிப்பக்கமாகத் தள்ளச் சொன்னார். வலியில் இவரால் தள்ளவே முடியவில்லை. இந்த நிலையில் சதை வேலை செய்கிறதா என்று சரியாகச் சொல்ல முடியாது, தொடு உணர்ச்சி இருக்கிறதே, அது நல்லதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

வீக்கம் வடிய ஐஸ் பை வைக்கச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் மதியம் அறையில் மீன்கார அம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் ஐஸ் பையை ஒரு துணியில் சுற்றி, தூளியை நகர்த்தாமல், இவர் தோளின் வெளிப்பக்கத்தில் மெல்ல அணைத்து வைத்தேன். இவர் கண்ணை மூடியிருந்தார். கொஞ்ச நேரம் ஆயிற்று.

“ஐஸ் வைக்கலியாம்மே?” என்றார்.

ஐஸ் என் உள்ளங்கையை விறைக்க வைத்திருந்தது. நான் அதை எடுத்தேன். தோல் சிவந்து ஈரமாக இருந்தது. கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி அதன் முனையால் அதே இடத்தில் அழுத்தினேன். இவர் அசையவில்லை.

“தெரியுதாய்யா?” என்று கேட்டேன். கேட்கும்போது பின்னை எடுத்துவிட்டிருந்தேன். என் கை என் மடியில் இருந்தது.

“தெரியுது, தெரியுது” என்றார் கண்ணைத் திறக்காமல்.

எத்தனை வருஷப் பழக்கம் பாருங்கள். கேட்டது டாக்டரா, கட்டின பெண்டாட்டியா என்றுகூடப் பார்க்காமல் பதில் வருகிறது. “நான் தொடவே இல்லய்யா” என்றேன். அப்போதுதான் கண்ணைத் திறந்தார். என்னையும் பின்னையும் பார்த்தார். விழுந்த அன்றைக்கே அந்த இடம் மரத்துவிட்டது என்று அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

“டாக்டரம்மா அத்தினி வாட்டி கேட்டாங்களே, ஏன்யா சொல்லல?”

“நரம்பு பூட்ச்சின்னு எய்திட்டாங்கன்னா? அந்தப் பேப்பரத்தான் யார்டு டாக்டரு கேப்பாரு. எலும்பு ஒடஞ்சா சேரும்னு எல்லாருக்கும் தெரியும். நரம்புன்னா கிரேன்ல எவன் ஏத்துவான்? கம்னு இரும்மே. ஆபரேஷன் ஆனா அதுவா சரியாப் பூடும்.”

“ஆவலன்னா?”

இடது கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, “நீ போய்ச் சொன்னன்னா அப்பால என்கிட்ட பேசாத” என்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மாலை கபீர் பாய் வந்ததும் வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டுபோய் நடந்ததைச் சொன்னேன். அவர் ரேசர் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். “சொல்லாத தங்கச்சி” என்றார் முதலில். “பாஸ் போச்சுன்னா மாமு செத்துடுவான்.” கொஞ்சம் கழித்து, “அவன் யார்டுக்கு வந்த மொத நாளு இத்த சொல்லிக் குடுத்ததே நான்தான்” என்றார். அன்றைக்கு அவர் முகம் மழிக்காமலே போய்விட்டார்.

அந்த ராத்திரி முழுக்க நான் ஜெபமாலையை உருட்டினேன். மாதா எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. வேலையை நினைத்தால் வாயை மூடிக்கொள்ளலாம் என்று தோன்றியது. கையை நினைத்தால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது. குறுக்கே ஓடுகிற நரம்பு எப்படி இருக்கிறது என்று தெரியாமலே ஒரு பெண் என் புருஷன் தோளுக்குள் பிளேட்டைத் தள்ளப் போகிறாள் என்ற நினைப்புதான் என்னைக் கடைசியில் எழுப்பியது. காலையில் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வரும் முன்னாலேயே அவர் அறை வாசலில் போய் நின்றேன்.

நான் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. கோபிப்பார் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“நீங்க சொல்லலைன்னா என்ன ஆகியிருக்கும் தெரியுமாம்மா? ஆபரேஷன் முடிஞ்சு, கை தூக்க வரலைன்னதும், நான்தான் பிளேட்டுக்கு அடியில நரம்பை நசுக்கிட்டேன்னு நினைச்சிருப்பேன். மறுபடியும் திறந்து பார்த்திருப்பேன். ஒண்ணும் இல்லாத இடத்தை ரெண்டாவது தடவை அறுத்திருப்பேன்.”

நரம்பு பெரும்பாலும் அறுந்திருக்காது, எலும்பு விலகும்போது இழுபட்டு மயங்கிக் கிடக்கும், மாதக்கணக்கில் மெதுவாக முழித்துக்கொள்ளும், ஆனால் முழுக்க வரும் என்று சத்தியம் செய்ய முடியாது என்றார். மேல் வெட்டு வழியாக விரலை விட்டு நரம்பைத் தொட்டுப் பார்த்து, அதை விரலாலேயே காத்துக்கொண்டுதான் பிளேட்டை அனுப்புவேன் என்றார். யார்டுக்கு நான் எதையும் எழுதி அனுப்ப மாட்டேன், ஆனால் கேஸ் ஷீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதாமல் இருக்க முடியாது என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

பிறகு அவரே வந்து இவரை மறுபடி சோதித்தார். இவர் பஞ்சுக்கும் ஊசி முனைக்கும் பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் ரீனாவிடம், “உங்கம்மாகிட்ட சொம்பை எடுத்துத் தரச் சொல்லு” என்பார். நான் சொம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருப்பேன். “நைனா, அம்மா உன் மூக்குக்கு நேராதான் நிக்கறாங்க” என்று ரீனா கத்துவாள். மீன்கார அம்மா போர்வைக்குள் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனசு வெந்துபோயிருந்தது.

சுகர் இறங்கியது. ஆபரேஷன் நாளும் வந்தது. கையெழுத்து வாங்க வந்தபோது வலது கை முடியாதென்று இடது பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். படித்த மனிதர் கைநாட்டு வைப்பதைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது. ஸ்ட்ரெச்சர் கதவு வரைக்கும் கூடவே நடந்தேன். கதவு மூடுவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்காரப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. ஒருவர் கால் ஆட்டினால் வரிசை முழுக்க ஆடும். அன்றைக்கு யாரும் யாரையும் கால் ஆட்டாதே என்று சொல்லவில்லை. கபீர் பாய் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து யாராவது வெளியே வந்தால் எல்லோரும் எழுந்து நிற்போம். நமக்கில்லை என்றதும் உட்காருவோம். பில் கவுண்டரிலிருந்து வேறு கூப்பிட்டார்கள். பிளேட்டும் ஆணியும் தனிக் கணக்கு, இன்சூரன்ஸ் அட்டையில் அதில் ஒரு பங்குதான் வரும் என்றார்கள். மீதியை என் ஆபீஸ் முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி முன்பணமாகக் கொடுத்தார். அன்று அந்த மனிதரைக் கும்பிட்டேன். பிறகு மாதா மாதம் பிடிக்கும்போது திட்டவும் செய்தேன்.

கடைசியில் டாக்டரம்மாவே வெளியே வந்தார். தலையில் பச்சைத் தொப்பி, நெற்றியில் அது அழுத்திய கோடு. “எலும்பு அழகா உட்கார்ந்திருக்கு. நரம்பை விரலால தொட்டேன்மா. அறுபடல. இருக்கு.”

‘இருக்கு’ என்ற வார்த்தையைக் கேட்டு நான் அந்த நாற்காலி வரிசையே குலுங்க அழுதேன்.

ஆனால் அது முடிவில்லை. மயக்க மருந்தோடு கழுத்தோரத்தில் ஒரு ஊசி போட்டிருந்ததால் அன்றைக்கு முழுக்க அந்தக் கை விறகுக் கட்டை மாதிரி கிடந்தது. மருந்து இறங்க இறங்க விரல் அசைந்தது, மணிக்கட்டு மடங்கியது, வலியும் திரும்பி வந்தது. தோளின் வெளிப்பக்கம் மட்டும் அப்படியே இருந்தது. மறுநாள் டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். இவ்வளவு பெரிய ரகளைக்கு இரண்டே சின்னத் தையல் வரிசை. பஞ்சை எடுத்தார்.

“இங்க தெரியுதா சார்?”

இவர் வாயைத் திறந்தார். பழைய பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

“இல்ல டாக்டர். தெரியல.”

“சரி” என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதான். எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வானம் இடிந்து விழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இவர் என்னைப் பார்த்து, “காலைல நாஸ்டா துன்னியா?” என்று கேட்டார். நான் தின்னவில்லை. இருந்தாலும் தின்றேன் என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான ஆஸ்பத்திரி தொடங்கியது. நாற்காலியிலேயே தூக்கம். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்ட வேண்டும். பிறகு சுவரில் விரல்களால் ஏற வேண்டும். திருவொற்றியூரில் பிசியோதெரபி செய்கிற பெண் ஒருத்தி இவரைச் சின்னப் பிள்ளையை அதட்டுவது போல அதட்டுவாள். தோள் சதை வற்றி, சட்டை அந்தப் பக்கம் மட்டும் சரிந்து நின்றது. குளிப்பாட்டும்போது அதைப் பார்க்க எனக்குத் தாங்காது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சோப்புப் போடுவேன். அப்புறம் ஒரு நாள், அந்த இடத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். சட்டையை உதறிப் பார்த்தோம், எறும்பு இல்லை. நரம்பு முழிக்கிறது என்றாள் பிசியோ பெண். சதையின் மேல் என் விரலை வைத்து, கையைத் தூக்கப் பாருங்க சார் என்றாள். விரலுக்கு அடியில் ஏதோ ஒரு துடிப்பு ஓடியது. ரீனா வயிற்றிலிருந்தபோது முதல்முதலில் அசைந்தாளே, அதற்குப் பிறகு அப்படி ஒன்றை நான் தொட்டதில்லை.

கை தோள் மட்டம் வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. பொறுங்க, இன்னும் நேரம் இருக்கு, நரம்பு அவசரப்படாது என்றார் டாக்டரம்மா. காண்டிராக்டருக்கு அந்தப் பொறுமை இல்லை. ஃபிட்னஸ் டெஸ்டுக்கு வா, இல்லையென்றால் வேறு ஆள் போடுகிறேன் என்று சொல்லியனுப்பினார். கபீர் பாய் எங்கள் ஹாலில் வந்து பயிற்சி கொடுத்தார். உடம்பை இடது பக்கம் சாய்த்து, மூச்சை இழுத்து, கையை ஒரே வீச்சில் வீசினால் அது காது வரை போன மாதிரித் தெரியும். ஒரு கணம் நின்றால் போதும், ஆஸ்பத்திரிப் பேப்பரில் நரம்பு என்று இருந்தாலும் ஃபிட் எழுதிவிடுவார்கள். “யார்டு டாக்டரு எங்க உன்னிப்பா பாக்கப் போறாரு மாமு” என்றார். இவர் வீசிப் பார்த்தார். எனக்கும் அது போதும் என்றுதான் பட்டது. நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

டெஸ்ட் அன்று நானும் கூடவே போனேன். கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். சுவருக்குப் பின்னால் கிரேன்கள் பெட்டிகளைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தன. அதில் ஒன்று இவருடையது. இவர் வெளியே வருகிறதைப் பார்த்ததும் எழுந்தேன். நடையைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னாய்யா ஆச்சி?”

“கைய தூக்கச் சொன்னாரு.”

“வீசினியா?”

“இல்ல. பாதிதான் வருது சார்னு சொல்ட்டேன்.”

“அவரு பாத்துட்டாரா?”

“எங்க பாத்தாரு? பேப்பர்லயே குனிஞ்சிகினு இருந்தாரு. தலயக்கூட தூக்கல. நானாதான் சொன்னேன்.” பெஞ்சில் உட்கார்ந்தார். “மேல ஏறக்கூடாதுன்னு எய்திட்டாரு. கீழ நின்னு சிக்னல் காட்டற வேல கீதாம். அதுவும் காலியாச்சின்னாதான் கூப்புடுவாங்களாம்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தலையைக்கூடத் தூக்காத ஆளிடம் போய் இவராகவே சொல்லியிருக்கிறார். ரீனாவின் ஃபீசும் என் சம்பளப் பிடித்தமும் கண் முன்னால் வந்தன. “நல்லாதான் கீதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதா?” என்று கேட்டே விட்டேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இவர் கோபப்படவில்லை. ஆச்சரியமாகத்தான் பார்த்தார். “டாக்டரம்மாகிட்ட போய்ச் சொன்னவ நீதானேம்மே?”

“அது உன் கைக்காகச் சொன்னேன். இது சோறுய்யா!”

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். இவர் நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். வலது கையை மடியில் வைத்து இடது கையால் தடவிக்கொண்டிருந்தார்.

“மேல பொட்டி தொங்கிகினு கீது, கை சோந்து பூட்ச்சின்னு வையி” என்றார். “அடில நிக்கறவனுக்கும் வூட்ல ஒருத்தி கீறா இல்ல?”

அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், வீடு வந்து சேருகிற வரைக்கும் நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.